சாப்ளின் கண்ட ஆலை

ஆலைச் சங்கின் ஓசைக்கு எழுந்து, அதே ஓசைக்கு உண்டு, அதே ஓசைக்கு வீடு திரும்பும் வாழ்க்கை நம் குடியிருப்பில் பலருக்கும் புதிதன்று. பிழைப்பின் பொருட்டுத் தாயகத்தை விட்டு வந்த நம் முன்னோர்க்கு முதலில் விளங்கியது இவ்வூரின் மொழியன்று, சங்கின் மொழியே. ஆதலின், இம்மலரில் ஒரு திரைப்படத்தின் வரலாற்றை எழுதப் புகுந்த நாம், அரசர் கதையையும் காதற் கதையையும் விடுத்து, நட்டு முடுக்கும் ஒரு தொழிலாளியின் கதையை எடுத்துக்கொண்டமைக்கு அன்பர்கள் காரணம் கேட்கமாட்டார்கள் என்று நம்புகிறோம். சார்லி சாப்ளின் தாமே எழுதி, இயக்கி, நடித்து, இசையும் அமைத்து, 1936-ஆம் ஆண்டு பிப்ரவரி 5-ஆம் நாள் நியூயார்க் நகரில் முதன்முதல் திரையிட்ட 'மாடர்ன் டைம்ஸ்' என்பதே அப்படம். 'நவயுகம்' என்று அப்பெயரைத் தமிழில் வழங்கலாம்.

இதனை மௌனப் படம் என்று கூறுவது வழக்கம். ஆனால் இது மௌனப் படங்களின் காலத்தில் பிறந்ததன்று. 'தி ஜாஸ் சிங்கர்' என்னும் படம் 1927 அக்டோபரில் வெளிவந்து திரைக்குக் குரலைக் கொடுத்துவிட்டது. அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் ஹாலிவுட் முழுவதும் பேசலாயிற்று. நம் தமிழில்கூட 1931 அக்டோபர் 31-இல் 'காளிதாஸ்' வந்து, பாட்டும் பேச்சுமாகக் கொட்டகைகளை நிறைத்தது. உலகமே பேசத் தொடங்கி எட்டாண்டுகளுக்கு மேல் சென்றபின், ஒரு மனிதர் மட்டும் பதினைந்து லட்சம் டாலர் அளவு செலவிட்டுப் பேசாத படம் ஒன்றை எடுத்தார் என்றால், அதனைப் பிடிவாதம் என்று சொல்லுவாரும் உண்டு. பிடிவாதம் ஓரளவு இருந்தது மெய்யே. ஆனால் அப்படத்தை ஊன்றிப் பார்த்தால், அதில் முற்றிலும் மௌனம் இல்லை என்பதும், யார் பேசுகிறார்கள், யார் பேசவில்லை என்பதிலேதான் அதன் கருத்து முழுவதும் அடங்கியிருக்கிறது என்பதும் புலப்படும். அதனைப் பின்னர் விளக்குவோம். அதற்குமுன் அந்த ஆலை எங்கிருந்து வந்தது என்பதைக் காண்போம்.

சாப்ளின் 1889 ஏப்ரல் 16-ஆம் நாள் லண்டனில் பிறந்தவர். தாயும் தந்தையும் மேடைப் பாடகர்கள். தந்தை குடியால் அழிந்தார். தாய் மனநோய்க்கு ஆளானார். ஏழு வயதிலேயே பிள்ளைகள் லாம்பெத் ஏழையர் விடுதியில் சேர்க்கப்பட்டனர். சிறுவனாய் இருந்தபொழுது அவர் பல தொழில்களில் புகுந்து பார்த்தார். அவற்றுள் ஒன்று அச்சகத் தொழில். இருபதடிக்கு மேல் நீண்ட ஒரு பெரிய அச்சியந்திரத்திற்குத் தாள் ஊட்டும் வேலை. அந்த இயந்திரம் தம்மையே விழுங்கிவிடுமோ என்று அஞ்சியதாக அவர் 1964-இல் வெளியிட்ட சுயசரிதையில் எழுதியிருக்கிறார். சில வாரங்களில் காய்ச்சல் கண்டது, வேலையும் போயிற்று. 'மாடர்ன் டைம்ஸ்' படத்தில் இயந்திரத்தின் வாய்க்குள் சென்று பற்சக்கரங்களினிடையே வளைந்து வளைந்து ஓடும் அந்தச் சிறிய மனிதனைக் காணும்போதெல்லாம் இந்தச் செய்தி நம் நினைவுக்கு வருகிறது. கேள்வியறிவைக் கொண்டு கற்பனை செய்த காட்சியன்று அது. பன்னிரண்டு வயதுப் பையனின் அச்சம் முப்பது ஆண்டுகளுக்குப்பின் திரையில் ஏறியது.

அந்த ஆலையின் மற்றொரு வேர் அமெரிக்காவில் இருந்தது. டெட்ராய்ட் நகரை அடுத்த ஹைலண்டு பார்க் என்னும் இடத்தில் ஹென்றி போர்டு நடத்திய மோட்டார்த் தொழிற்சாலையில் 1913-ஆம் ஆண்டு ஒரு புதுமை நிகழ்ந்தது. அதுவரை வண்டி ஓரிடத்தில் நிற்கும். தொழிலாளர் அதனைச் சுற்றிவந்து பூட்டுவர். புதிய முறையில் தொழிலாளி ஓரிடத்தில் நிற்பான். வண்டி நகர்ந்து வரும். அவன் செய்ய வேண்டுவது ஒரே செயல். இவன் போல்ட்டைச் செருகினால், அடுத்தவன் நட்டை மாட்டுவான், அதற்கும் அடுத்தவன் முடுக்குவான். முன்பு ஒரு வண்டியின் அடிச்சட்டத்தைப் பூட்டப் பன்னிரண்டரை மணி நேரம் ஆயிற்று. புதிய முறையில் 93 நிமிடம் போதுமானதாயிற்று. இதற்குச் சற்று முன்னரே, 1911-இல், பிரடெரிக் டெய்லர் என்னும் பொறியாளர் தொழிலாளியின் ஒவ்வோர் அசைவையும் கடிகாரம் வைத்து அளந்து வகுக்கும் முறையை நூலாகவே எழுதிவிட்டார். வேலையை எவ்வாறு செய்வது என்னும் அறிவு கைவினைஞனின் கையிலிருந்து அலுவலகத்து மேசைக்குச் சென்றது.

வண்டி மலிவாயிற்று என்பதையும், எளியவரும் வாங்கினர் என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த ஓடும் வரிசையில் நிற்க ஆட்கள் மறுத்தனர். 1913-ஆம் ஆண்டில் அந்தத் தொழிற்சாலையில் ஆட்கள் விலகிச் செல்லும் விகிதம் நூற்றுக்கு 370 என்று கணக்கிடப்பட்டது. அஃதாவது, நூறு இடங்களை நிரப்பி வைப்பதற்கு ஓராண்டில் 370 பேரை அமர்த்த வேண்டியிருந்தது. 1914 சனவரியில் போர்டு எட்டு மணி நேர வேலைக்கு நாளொன்றுக்கு ஐந்து டாலர் என்று அறிவித்தார். அது முன்னைய கூலியைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. உலகம் அதனைப் பெருங்கொடையாகப் புகழ்ந்தது. அந்த ஐந்து டாலரை முழுமையாகப் பெறுவதற்குத் தொழிலாளியின் இல்லறம் ஒழுங்காக இருக்கிறதா, குடிக்கிறானா, சேமிக்கிறானா என்று வீடு தேடிச் சென்று விசாரிக்கும் அதிகாரிகள் நியமிக்கப்பட்டனர் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. குடியிருப்பில் வாழும் நமக்கு இதன் பொருளை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

சாப்ளின் 1923-இல் அந்தத் தொழிற்சாலைக்கு விருந்தினராகச் சென்று போர்டுடனும் அவர் மகனுடனும் நின்று படம் எடுத்துக்கொண்டிருக்கிறார். ஆனால் படத்திற்கு விதையாக அவர் சுயசரிதையில் குறிப்பிடுவது வேறொன்று. டெட்ராய்ட் ஆலைகளைப் பற்றி இளம் பத்திரிகை நிருபர் ஒருவர் அவரிடம் கூறினார்: பண்ணைகளிலிருந்து திடகாத்திரமான இளைஞர்கள் வருகின்றனர், நான்கைந்து ஆண்டுகள் அந்த ஓடும் பட்டையின் முன் நின்றபின் நரம்பு தளர்ந்து நோயாளிகளாகின்றனர். படத்தில் தொழிலாளி ஆலையை விட்டு வெளியேறியும் அவன் கைகள் நிற்பதில்லை, முடுக்கிக்கொண்டேயிருக்கின்றன. மேஸ்திரியின் மூக்கு, தெருவில் செல்லும் மாதின் ஆடைப் பொத்தான், தீயணைக்கும் குழாயின் மறை, எல்லாம் அவனுக்கு நட்டுகளே. குழந்தைகள் அதைக் கண்டு விழுந்து விழுந்து சிரிக்கின்றனர், நாமும் சிரிக்கிறோம். ஆயினும் அந்த இளம் நிருபர் கூறிய செய்தியைத்தான் சாப்ளின் அப்படியே நடித்துக் காட்டுகிறார் என்பதை அறிந்தபின் சிரிப்பின் நிறம் சற்று மாறுகிறது.

இனி, நம் நாட்டுக்கும் இப்படத்துக்கும் உள்ள தொடர்பைக் கூற வேண்டும். 1931-ஆம் ஆண்டு சாப்ளின் உலகப் பயணம் மேற்கொண்டு லண்டன் சென்றிருந்தார். இரண்டாம் வட்டமேசை மாநாட்டுக்காகக் காந்தியடிகளும் அங்கே வந்து, கிழக்கு லண்டனின் ஏழை மக்களிடையே கிங்ஸ்லி மாளிகையில் தங்கியிருந்தார். செப்டம்பர் 22-ஆம் நாள் கானிங் டவுன் பகுதியில் டாக்டர் சுனிலால் கத்தியால் என்பவரின் எளிய வீட்டில் இருவரும் சந்தித்தனர். தெருவெங்கும் மக்கள் கூட்டம். காந்தியடிகள் சாப்ளினின் படம் எதனையும் கண்டவரல்லர். என்ன பேசுவது என்று தயங்கிய சாப்ளின், நெடுநாளாகத் தம் உள்ளத்தில் இருந்த கேள்வியையே கேட்டுவிட்டார்: இந்தியாவின் விடுதலை வேட்கையில் தமக்கு முழு அனுதாபம் உண்டு, ஆனால் இயந்திரத்தின்மீது இவ்வளவு வெறுப்பு ஏன்? நேர்மையாகப் பயன்படுத்தினால், அது மனிதனை அடிமைத் தளையிலிருந்து விடுவித்து, வேலை நேரத்தைக் குறைத்து, அறிவை வளர்க்கவும் வாழ்வைத் துய்க்கவும் ஓய்வு தராதா?

காந்தியடிகள் அமைதியாக விடையளித்தார். இந்தியா அந்த நிலையை அடைவதற்குமுன் ஆங்கில ஆட்சியினின்று விடுபட வேண்டும்; இயந்திரமே நம்மை இங்கிலாந்தைச் சார்ந்து நிற்கச் செய்தது; இயந்திரத்தால் ஆன பொருளைத் துறப்பதே அந்தச் சார்பினின்று விடுபடும் வழி; ஆகவே தம் நூலைத் தாமே நூற்றுத் தம் துணியைத் தாமே நெய்தல் ஒவ்வோர் இந்தியரின் கடமையாயிற்று. இவ்வாறு கூறியதாகச் சாப்ளினே பதிந்திருக்கிறார். பின்னர் அங்கிருந்தோர் தரையில் அமர்ந்து பிரார்த்தனை செய்ய, அதனையும் இருந்து கண்டார். நான்கு நாள் கழித்துக் காந்தியடிகள் லங்காஷயரில் டார்வென் நகருக்குச் சென்றதும், நம் கதர் இயக்கத்தால் வேலையிழந்த ஆலைத் தொழிலாளரே அவரை ஆரவாரத்துடன் வரவேற்றதும் யாவரும் அறிந்ததே.

இச்சந்திப்பின் பயனாகவே சாப்ளின் இயந்திரத்துக்குப் பகைவராகிப் படம் எடுத்தார் என்று சிலர் எழுதிவிடுகின்றனர். நாம் அவ்வாறு கருதவில்லை. அவர் கேட்ட கேள்வியையே பாருங்கள்: இயந்திரம் நேர்மையாகப் பயன்பட்டால் என்ன என்பதே அது. 'மாடர்ன் டைம்ஸ்' அந்தக் கேள்வியின் நீட்சியேயன்றிக் காந்தியடிகளின் விடையன்று. படத்தில் மூடிக் கிடந்த ஆலை மீண்டும் திறக்கிறது என்று செய்தித்தாளில் கண்டவுடன் நம் நாயகன் குடிசையினின்று எடுக்கும் ஓட்டத்தைக் கண்டவர்கள், அவன் ஆலையை வெறுப்பவன் என்று சொல்லமாட்டார்கள். வாயிலில் திரண்ட கூட்டத்தில் முண்டியடித்து, கதவு மூடுமுன் கடைசி ஆளாய் உள்ளே நுழைந்துவிடுகிறான். வேலை வேண்டும், வீடு வேண்டும். அவனை வாட்டுவது இயந்திரமன்று. அதன் வேகத்தைக் குறிப்பவர் எங்கோ ஓர் அறையில் இருக்கிறார் என்பதும், முடுக்குகிறவனிடம் யாரும் ஒரு சொல் கேட்பதில்லை என்பதுமே.

சாப்ளின் தம் பயணம் முடித்து 1932-இல் அமெரிக்கா திரும்பியபொழுது அந்நாட்டின் நிலை மாறியிருந்தது. 1929 அக்டோபரில் பங்குச் சந்தை வீழ்ந்ததில் தொடங்கிய பெருமந்தம் ஆலைகளின் கதவை ஒவ்வொன்றாய் அடைத்தது. 1933-இல் உழைக்கும் மக்களில் நால்வருக்கு ஒருவர் வேலையற்றிருந்தனர். 1932 மார்ச் 7-இல் டியர்பார்னில் இருந்த போர்டு ஆலைக்கு வேலை கேட்டு ஊர்வலம் சென்றோர்மீது சுட்டதில் அன்றே நால்வர் மாண்டனர். படத்தில் அந்த ஏழைப் பெண்ணின் தந்தை, வேலையற்றோர் கூட்டத்தில் சுடப்பட்டு வீழ்கிறார். நகைச்சுவைப் படத்தில் இக்காட்சி எதற்கு என்று கேட்டவர்களுக்கு அக்காலத்துச் செய்தித்தாள்களே விடை.

படப்பிடிப்பு 1934 அக்டோபரில் தொடங்கி 1935 ஆகஸ்டு இறுதிவரை நடந்தது. 'காமன்வெல்த்' என்றும், 'தி மாஸஸ்' என்றும் முதலில் பெயர் எண்ணப்பட்டதுண்டு. அனாதைப் பெண்ணாக நடித்தவர் பாலெட் கோடார்டு. காமிராவை இயக்கியவர்கள் ரோலி டாதரோவும் ஐரா மார்கனும். இசையைச் சாப்ளின் வாயால் பாடியும் பியானோவில் தட்டியும் காட்ட, அதனை வரிவடிவாக்க உதவியவருள் டேவிட் ராக்சின் என்னும் இளைஞர் ஒருவர். படத்தின் காதற் பகுதிக்கென அமைந்த மெட்டுக்கு 1954-இல் வேறு இருவர் சொற்கள் எழுதினர். 'ஸ்மைல்' என்னும் அப்பாட்டு, படத்தைப் பார்த்திராத கோடிக்கணக்கானோர் வாயிலும் வழங்கி வருகிறது.

பேச்சைப் பற்றிச் சாப்ளின் எளிதில் முடிவு செய்துவிடவில்லை. இப்படத்துக்கு உரையாடல் எழுதினார். ஒலிப்பதிவுச் சோதனையும் நடத்தினார். பின்னர் அனைத்தையும் கைவிட்டார். தொப்பியும் பிரம்பும் தொளதொளத்த காற்சட்டையுமாய் 1914 முதல் உலகம் கண்ட அந்த நாடோடி, ஒரு சொல் ஆங்கிலம் பேசினாலும் அந்தக் கணமே ஆங்கிலேயன் ஆகிவிடுவான். பேசாதவரையில் அவன் எல்லார்க்கும் உறவினன். இந்தக் காரணம் நியாயமானதே. ஆனால் படத்தில் செய்ததோ இதனினும் நுட்பமானது.

படத்தில் பேச்சு இருக்கிறது. முதலாளி பேசுகிறார், ஆனால் நேரில் அன்று, சுவரில் ஒளிரும் திரை வழியாக. தம் அறையில் வெட்டுப்படத் துண்டுகளைப் பொருத்தி விளையாடிக்கொண்டும், சித்திரக் கதை படித்துக்கொண்டும் இருப்பவர், இடையிடையே விசையைத் தட்டி இன்ன பிரிவில் வேகத்தைக் கூட்டு என்று ஆணையிடுகிறார். கழிப்பறையில் ஒரு சிகரெட்டுப் பற்றவைத்து நம் ஆள் மூச்சு விடும்போது, அங்கேயும் சுவர் முழுவதும் முதலாளியின் முகம் தோன்றி வேலைக்குப் போ என்று அதட்டுகிறது. அடுத்து, புதிய இயந்திரம் ஒன்றை விற்க வந்த வணிகர்கள் தாங்கள் வாய் திறவாமல் ஓர் இசைத்தட்டைச் சுழலவிடுகின்றனர், தட்டு பேசுகிறது. சிறையதிகாரியின் அறையில் வானொலி பேசுகிறது. இவ்வளவுதான். மனிதன் மனிதனோடு முகம் பார்த்துப் பேசும் பேச்சு ஒன்றேனும் நம் செவியில் விழுவதில்லை; அவையெல்லாம் எழுத்தட்டைகளாகவே வருகின்றன. ஆலையில் குரல் இயந்திரத்துக்கு உரியது. கேட்பது மட்டுமே மனிதனுக்கு உரியது. பேசும் படங்களின் காலத்தில் இருந்துகொண்டுதான் இதைச் சொல்ல முடியும். 1920-இல் இப்படம் எடுக்கப்பட்டிருந்தால் எல்லாரும் ஊமையாய் இருந்திருப்பர். யாருக்குக் குரல் இல்லை என்று தெரிந்திராது.

அந்த இசைத்தட்டு விற்க வந்த இயந்திரத்தைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறுதல் வேண்டும். படத்தின் உயிர்நிலை அதுவே என்பது நம் துணிபு. அது உண்பிக்கும் இயந்திரம். தொழிலாளி வேலை செய்துகொண்டே உண்ணலாம், உணவு இடைவேளை என்பதே வேண்டாம், உற்பத்தி பெருகும், செலவு குறையும். இதுவே தட்டின் பேச்சு. சோதனைக்கு நம் ஆளைப் பிடித்துக் கட்டுகின்றனர். கிண்ணம் தானே சாய்ந்து சூப்பை ஊட்டுகிறது. ஒரு கை துண்டுகளை வாய்க்குள் தள்ளுகிறது. மக்காச்சோளக் கதிர் பல்லின்முன் சுழல்கிறது. உருண்டை ஒன்று வந்து நாகரிகமாக வாயைத் துடைத்துவிட்டுப் போகிறது. பிறகு கோளாறு. கதிர் பேய்பிடித்ததுபோல் சுழன்று முகத்தைத் தேய்க்கிறது. சூப்பு மார்பில் கொட்டுகிறது. பழுது பார்ப்பவர்கள் தட்டில் வைத்த இரும்பு நட்டுகளை இயந்திரம் அவன் வாயில் தள்ளுகிறது. இவ்வளவு அமளியிலும் அந்தத் துடைக்கும் உருண்டை மட்டும் மரியாதை தவறாமல் வந்து வந்து முகத்தில் அறைகிறது.

முடிவில் முதலாளி அதனை வாங்க மறுக்கிறார். கொடுமை என்று மறுக்கவில்லை. நடைமுறைக்கு ஒத்துவராது என்று மறுக்கிறார். இந்த ஓர் எழுத்தட்டைக்காகவே சாப்ளினை நாம் வரலாற்று ஆசிரியர் என்று அழைக்கலாம். டெய்லரின் கடிகாரம் கைகளின் அசைவை அளந்தது. அடுத்துத் தாடையின் அசைவை அளக்காமல் விடுமா? நம் வீடுகளில் பெண்டிர் விடியலில் எழுந்து அடுக்குப் பாத்திரத்தில் நிரப்பியனுப்பும் சோறு, அரைமணி நேரம் நம்மை மீண்டும் மனிதராக்குகிறது. அந்த அரைமணியையும் கணக்கில் எடுக்கத் துணிந்தவனின் கதை இது. படத்தின் பிற்பகுதியில் இக்காட்சி தலைகீழாகத் திரும்புவதையும் கவனிக்க வேண்டும். வயது முதிர்ந்த மெக்கானிக் ஒருவர் இயந்திரத்தின் பற்களில் தலை மட்டும் வெளியே நீட்டிச் சிக்கிக்கொள்கிறார். அந்நேரம் உணவுச் சங்கு ஊதுகிறது. இயந்திரமும் நிற்கிறது. நம் ஆள் அவருடைய உணவுப் பெட்டியைத் திறந்து, வறுத்த கோழியையே புனலாக வைத்துத் தேநீரை ஊற்றி, தன் கையாலேயே அவருக்கு ஊட்டுகிறான். அங்கே இயந்திரம் மனிதனுக்கு ஊட்டிற்று. இங்கே மனிதன் மனிதனுக்கு ஊட்டுகிறான். இதுவும் அலங்கோலமாகவே முடிகிறது என்பது வேறு.

இடைப்பட்ட கதையை விரைந்து கூறிவிடலாம். மனம் பேதலித்து மருத்துவமனை சென்று தேறி வெளிவரும் அவன், மரம் ஏற்றிய லாரியிலிருந்து விழுந்த சிவப்புத் துணியை எடுத்து, லாரிக்காரனை அழைக்க வீசுகிறான். அதே கணம் பின்னாலிருந்து வேலையற்றோர் ஊர்வலம் வந்து சேர்கிறது. கொடி பிடித்த தலைவன் என்று போலீசார் அவனைப் பிடித்துக்கொள்கின்றனர். சிறையில் அவனுக்கு வேளாவேளைக்கு உணவு, கூரை, அமைதி. விடுதலை என்றதும் இங்கேயே இருந்துவிடலாமா என்று கேட்கிறான். கப்பல் கட்டும் துறையில் வேலை கிடைக்க, ஓர் ஆப்பை உருவப்போய், கட்டி முடியாத கப்பலைக் கடலில் இறக்கிவிடுகிறான். பல்பொருள் அங்காடியில் இரவுக் காவல் கிடைத்தபொழுது திருட வந்தவன், முன்பு ஆலையில் அவன் பக்கத்தில் நின்று முடுக்கிய பெரிய பில். நாங்கள் திருடர் அல்லர், பசித்தவர் என்கிறான் பில். ஓடும் பட்டையின் அருகே ஒரு சொல் பேச நேரமில்லாதிருந்த இருவர், வேலையிழந்தபின் தோள் தழுவிக்கொள்கின்றனர்.

அந்த அங்காடியின் நான்காம் மாடியில் கண்ணைக் கட்டிக்கொண்டு சக்கரக் காலணியில் பள்ளத்தின் ஓரம்வரை சறுக்கும் காட்சி உண்டு. பார்ப்போர் நெஞ்சு நடுங்கும். பள்ளம் மெய்யன்று, காமிராவின்முன் கண்ணாடியில் தீட்டிய ஓவியம். மற்றொரு தொழில் நுட்பத்தையும் இங்கே கூறலாம். படத்தின் பெரும்பகுதி, வினாடிக்கு 18 சட்டங்கள் என்ற கணக்கில் எடுக்கப்பட்டு, 24 சட்டங்கள் வேகத்தில் ஓட்டப்பட்டது. ஆகவே ஆட்கள் இயல்பினும் விரைவாக இயங்குகின்றனர். ஆலையில் வேகத்தைக் கூட்டும் முதலாளியை நையாண்டி செய்த சாப்ளின், தம் திரையில் தாமும் வேகத்தைக் கூட்டியே சிரிப்பு விளைத்தார் என்பது ஒரு வேடிக்கை.

இறுதியில் உணவு விடுதியொன்றில் பாடும் பணியாள் ஆகிறான். பாட்டின் சொற்கள் நினைவில் நிற்பதில்லை. அந்தப் பெண் அவற்றைச் சட்டைக் கைப்பட்டையில் எழுதித் தருகிறாள். கையை வீசிய வீச்சில் பட்டை பறந்துவிடுகிறது. திகைத்து நிற்பவனிடம் அவள் சொல்லுகிறாள், சொல்லைப் பற்றிக் கவலை வேண்டாம், பாடு என்று. அவன் பாடுகிறான். திரையில் சாப்ளினின் குரல் உலகுக்குக் கேட்டது அதுவே முதன்முறை. ஆனால் அம்மொழி எம்மொழியும் அன்று. பிரெஞ்சு போலும் இத்தாலியம் போலும் ஒலிக்கும் வெற்றொலிகள். மோதிரம் அணிந்த கிழச் செல்வனும் நாணிக் கோணும் பெண்ணும் கையசைவிலும் இடுப்பசைவிலும் தோன்றிவிடுகின்றனர். எல்லார்க்கும் எல்லாம் விளங்கிவிடுகிறது. மொழி அறியாத ஊரில் வந்திறங்கிக் கடைத்தெருவில் கையை ஆட்டியே உப்பும் புளியும் வாங்கிய நம் முதியோர், இக்காட்சியை மற்றவரினும் நன்கு சுவைப்பர்.

படம் வெளிவந்தபின் பலவாறு பேசப்பட்டது. ஹிட்லரின் ஜெர்மனியில் அதற்கு இடமில்லாமற் போயிற்று. அமெரிக்காவிலோ அது பொதுவுடைமைப் பிரசாரம் என்ற முணுமுணுப்பு எழுந்தது. பிரெஞ்சு இயக்குநர் ரெனே கிளேர் 1931-இல் எடுத்த 'ஆ நூ லா லிபெர்த்தே' படத்தின் களவு இது என்று அப்படத்தை எடுத்த நிறுவனம் வழக்காடிற்று. கிளேரோ வழக்கில் சேர மறுத்து, சாப்ளின் தம்மிடமிருந்து எதையேனும் எடுத்துக்கொண்டிருந்தால் அது தமக்குப் பெருமையே என்றார். பெருந்தன்மைக்கு இதனினும் நல்ல சான்று திரையுலகில் அரிது. வழக்கு போருக்குப் பின்னரே சமரசத்தில் முடிந்தது. 1952 செப்டம்பரில் சாப்ளின் கப்பலில் லண்டன் செல்லும்போது அமெரிக்க அரசு அவர் மீண்டும் நுழையும் உரிமையைப் பறித்தது. அவர்மீது சுமத்தப்பட்ட ஐயங்களில் இப்படத்தின் நிழலும் உண்டு. அவர் சுவிட்சர்லாந்தில் குடியேறி, 1977 கிறிஸ்துமஸ் நாளில் அங்கேயே மறைந்தார். அதற்குமுன் 1972-இல் ஆஸ்கார் விழா அவரை அழைத்து எழுந்து நின்று கைதட்டியது. 1989-இல் அமெரிக்க நாட்டின் பாதுகாக்கத்தக்க படங்களின் முதற் பட்டியலில் 'மாடர்ன் டைம்ஸ்' சேர்ந்தது.

ஆனால் இவற்றினும் நாம் குறிக்க விரும்பும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. படம் வெளிவந்த அதே 1936-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள், மிச்சிகன் மாநிலத்துப் பிளிண்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினர். ஆயினும் வெளியே செல்லவில்லை. இயந்திரங்களின் அருகிலேயே அமர்ந்துவிட்டனர். வெளியிலிருந்து வீட்டாரும் தோழரும் உணவு கொண்டுவந்து தந்தனர். 44 நாட்கள் இவ்வாறு சென்றன. 1937 பிப்ரவரி 11-இல் நிறுவனம் சங்கத்தை ஏற்று ஒப்பமிட்டது. அவர்கள் முன்வைத்த கோரிக்கைகளுள் ஒன்று, வரிசையின் வேகத்தைத் தொழிலாளரும் நிர்வாகமும் கலந்து குறிக்க வேண்டும் என்பது. திரைப்படத்தைக் கண்டு அவர்கள் இவ்வாறு செய்தனர் என்று கூற நாம் வரவில்லை. சாப்ளின் திரையில் காட்டிய அதே நோய், ஆலைகளில் எவ்வளவு முற்றியிருந்தது என்பதற்கு இது சான்று.

படத்துக்குச் சாப்ளின் முதலில் எடுத்த முடிவு வேறு. நரம்புத் தளர்ச்சியால் மருத்துவமனையில் கிடந்து தேறி எழும் அவனைக் காண அந்தப் பெண் வருகிறாள், கன்னிகாஸ்திரீ உடையில். விடைபெற்றுச் செல்கிறாள், அவன் வழக்கம்போல் தனியனாகிறான். அதனைப் படம் பிடித்தும் முடித்தார். பின்னர் அது வேண்டாமென விலக்கினார். இப்பொழுது நாம் காணும் முடிவில், அதிகாரிகளுக்குத் தப்பி ஓடிய இருவரும் விடியற்காலையில் சாலையோரம் அமர்ந்திருக்கின்றனர். முயன்று என்ன பயன் என்று அவள் அழுகிறாள். அவன் தேற்றுகிறான். எழுந்து நடக்கத் தொடங்கியவன் நின்று, அவள் முகத்தைப் பார்த்து, தன் வாயோரத்தில் விரல் வைத்துச் சிரித்துக் காட்டுகிறான், அவளும் சிரிக்கிறாள். இருபத்திரண்டு ஆண்டுகளாக எத்தனையோ படங்களின் முடிவில் தனியாகச் சாலையில் சென்று மறைந்தவன், இம்முறை துணையுடன் நடக்கிறான். கதிரவன் எதிரே எழுகிறான். சாலை மலைகளை நோக்கி நீள்கிறது. அந்தத் தொப்பியையும் பிரம்பையும் கொண்ட நாடோடியைச் சாப்ளின் அதன்பின் எந்தப் படத்திலும் கொண்டுவரவில்லை.